பாய்மரப் படகுக்கு ஈபர்ப்: எதை வாங்குவது, எப்படிப் பதிவது?

நீலப்பாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பத்து மீட்டர் நீளமுள்ள, அடியில் கனமான கீல் வைத்த பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். நானும் மனைவியும்தான் ஓட்டுகிறோம். இதுவரை கரை கண்ணில் படும் தூரத்தைத் தாண்டவில்லை. அடுத்த பருவத்தில் சில இரவுகள் கடலிலேயே கழிக்க வேண்டிய பயணம் ஒன்று போக ஆசை. வழியில் பாதிக்கு மேல் வி.எச்.எஃப் ரேடியோ கரைக்கு எட்டாது. அதனால் ஈபர்ப் (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்தை அழைக்கும் கருவி) இல்லாமல் கிளம்புவதில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம்.

படகோடு பழைய ஈபர்ப் ஒன்றும் வந்தது. கேபினுக்குள், சார்ட் மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறது. மஞ்சள் நிறம் வெளுத்துப்போயிருக்கிறது. பேட்டரித் தேதி போன வருடமே முடிந்துவிட்டது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 15 எழுத்து ஹெக்ஸ் ஐடியும் (கருவியின் அடையாள எண்) படகின் பழைய பெயரும் இருக்கின்றன. முந்தைய உரிமையாளர் வேறொரு நாட்டுக் கொடியில், அதாவது படகை அங்கே பதிந்து, ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கொடியையும் மாற்றிவிட்டோம், பெயரையும் மாற்றிவிட்டோம்.

இதற்குப் புது பேட்டரி போட்டு வைத்துக்கொள்ளலாமா, இல்லை புதிதாகவே வாங்குவது நல்லதா? புதிது என்றால் தானாகக் கழன்று மிதக்கும் வகையா, கையால் எடுக்கும் வகையா? விளம்பரத்தில் ஏ.ஐ.எஸ், ஆர்.எல்.எஸ் என்று போட்டிருப்பதெல்லாம் எங்களுக்குத் தேவையா? ஆளுக்கொரு பி.எல்.பி (ஆள் அணியும் சிறிய ஆபத்து அழைப்புக் கருவி) வாங்கி லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டால் போதாதா என்று மனைவி கேட்கிறார். கடைசியாகப் பதிவு. அதை எங்கே செய்வது, என்னென்ன எழுதுவது என்று ஒன்றும் பிடிபடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

படகுப்பட்டறை எழுதியது:

வணக்கம் நண்பரே. படகு எலெக்ட்ரானிக்ஸ்தான் என் தொழில். ஈபர்ப் பிரிப்பது, பேட்டரி மாற்றுவது, குறியீடு மாற்றி எழுதுவது எல்லாம் பட்டறையில் வழக்கமான வேலை.

பழைய பீக்கன், அதாவது அந்த ஈபர்ப் கருவி, தயாரான ஆண்டை முதலில் பாருங்கள். பேட்டரி ஆயுள் மாடலைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு வரை வரும். ஒரு சுற்று முடிந்திருந்தால் மாற்றிப் போட்டு இன்னொரு சுற்று ஓட்டலாம். ஆனால் பல மாடல்களில் அது சும்மா மூடியைத் திறந்து மாற்றுகிற வேலை இல்லை. சீல் ரிங்கையும் சேர்த்து மாற்றி, தண்ணீர் புகாமல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்த பிறகுதான் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னொரு வேலையும் சேர்கிறது. அந்த 15 எழுத்துக்குள்ளேயே நாட்டின் குறியீடு அடங்கியிருக்கிறது. கொடி மாறிவிட்டதால் பீக்கனை மறுபடி புரோகிராம் செய்ய வேண்டும். செய்தால் ஹெக்ஸ் ஐடியும் மாறிவிடும். இந்த இரண்டு வேலைக்கும் ஆகும் செலவைப் பார்த்தால், நிறம் வெளுத்த பீக்கனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் உள்ளேயும் நொறுங்கத் தொடங்கியிருக்கும். புதிதாக வாங்குங்கள்.

மிதக்கும் வகை பற்றி. அது படகுக்கு வெளியே ஒரு பெட்டிக்குள் இருக்கும். படகு மூழ்கினால் 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீர் அழுத்தம் பட்டு, ஹைட்ரோஸ்டேடிக் ரிலீஸுக்குள் இருக்கும் கத்தி ஒரு பிளாஸ்டிக் போல்ட்டை வெட்டும். மூடி தெறிக்கும், பீக்கன் மேலே வரும், தண்ணீர் பட்டதும் தானே இயங்கும். அந்த ரிலீஸை வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாட்டும்போதே மாதத்தையும் வருடத்தையும் அதன் மேல் குறித்துவிடுவார்கள். பட்டறைக்கு வரும் படகுகளில் நான் முதலில் கை வைப்பது அங்கேதான். பீக்கன் பளபளவென்று இருக்கும், ரிலீஸ் தேதி தாண்டி நாளாகியிருக்கும்.

பாய்மரப் படகில் மேலே கயிறும் கம்பியும் துணிக்கூரையும் நிறைய. மிதந்து வரும் பீக்கன் அதில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதனால் உங்களைப் போன்ற கீல் படகுக்குக் கையால் எடுக்கும் வகையே போதும் என்பது என் கருத்து. ஆனால் சார்ட் மேசைக்கு மேலே வேண்டாம். கேபினுக்கு இறங்கும் படிக்கட்டு ஓரமாக, வெளியே நிற்பவரும் உள்ளே இருப்பவரும் கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில் மாட்டுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பெரும்பாலான பிராக்கெட்டில் ஒரு காந்தம் இருக்கும். பீக்கன் பிராக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் வரை அந்தக் காந்தம்தான் அதைத் தூங்க வைக்கிறது. வெளியே எடுத்து, உடம்பில் உள்ள இரண்டு உலோகப் புள்ளிகளிலும் தண்ணீர் பட்டால் இயங்கத் தொடங்கிவிடும். பீக்கனைக் கழற்றிக் கழுவுகிறேன் என்று யாராவது பைப்பைத் திறந்தால் அவ்வளவுதான். திசைகாட்டிக்கு எவ்வளவு தள்ளி மாட்ட வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

---

இரவுக்காவல் எழுதியது:

நீலப்பாய் தம்பிக்கு வணக்கம். பட்டறைக்காரர் படகுப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் மறுமுனையைச் சொல்கிறேன். மீட்பு ஒருங்கிணைப்பு மையம் ஒன்றில் கண்காணிப்பு மேசையில் பல வருடம் இருந்தவள் நான். ஈபர்ப் அழைப்பு வந்து சேரும் இடம் அதுதான். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீக்கனை இயக்கினால் சுமார் 50 நொடி கழித்து முதல் சமிக்ஞை போகும். 406 மெகாஹெர்ட்ஸில், 5 வாட் வலுவில், அரை நொடி அளவுக்கு ஒரு துடிப்பு. பிறகு ஏறக்குறைய 50 நொடிக்கு ஒன்று. அவ்வளவு குட்டிச் செய்திக்குள் உங்கள் பெயரோ, படகின் பெயரோ, "மூழ்குகிறோம்" என்ற வார்த்தையோ எதுவும் இருக்காது. நாட்டுக் குறியீடும் பீக்கனின் அடையாள எண்ணும் இருக்கும். உள்ளே ஜிபிஎஸ் இருந்து அது இடத்தைப் பிடித்திருந்தால் அதுவும் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் திரைக்கு முதலில் வந்தது பெரும்பாலும் இடமில்லாத அழைப்பு. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோள் உடனே கேட்டுவிடும். ஆனால் அது நகராமல் நிற்பதால், எங்கிருந்து வந்தது என்று அதனால் கணக்குப் போட முடியாது. தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று தலைக்கு மேல் கடந்து போனால்தான் அலைவரிசையில் ஏற்படும் டாப்ளர் மாற்றத்தை வைத்து இடம் கிடைக்கும். அதுவும் அதன் பாதைக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு இடங்களாக வரும். எது நிஜம் என்று தெரிய அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும்.

அப்படி ஓர் இரவு. திரையில் எங்கள் நாட்டுக் குறியீடு, 15 எழுத்து, நேரம். இடம் என்ற கட்டம் காலி. நான் செய்யக்கூடியது ஒன்றுதான்: பதிவேட்டைத் திறந்து அந்த எண்ணைப் போட்டுத் தேடுவது. பதிவு இருந்தது. பன்னிரண்டு மீட்டர் மோட்டார் படகு, வெள்ளை உடல், நீலப் பட்டை. முதல் தொடர்பு எண் உரிமையாளருடைய செல்பேசி. அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது எண்ணுக்கு அடித்தேன். அவருடைய அக்கா தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நொடி மூச்சே வரவில்லை. அப்புறம் அந்த அம்மா எழுந்துபோய், குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டி வைத்திருந்த தாளை எடுத்து வந்து வரி வரியாகப் படித்தார். எந்தத் துறையிலிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எந்த வழி, எத்தனை பேர், லைஃப் ராஃப்ட் இருக்கிறதா, யாருக்கு நீரிழிவு. செயற்கைக்கோள் இடம் சொல்வதற்கு முன்பே எங்கள் மீட்புப் படகு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை பேரையும் ராஃப்டிலிருந்து ஏற்றினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி. எந்த மாடல் வாங்குவது என்று செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது பதிவுப் படிவத்துக்கும் அந்தத் தாளுக்கும் கொடுங்கள். பதியாத பீக்கன் அனுப்புநர் பெயர் இல்லாத தந்தி போல. அதற்கும் தேடிப் போவார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் யாரைத் தேடுகிறோம், எத்தனை பேர், எந்த நிறப் படகு என்று எதுவும் தெரியாமல் போவார்கள்.

இன்றைக்கு இடம் கண்டுபிடிப்பது வெகுவாக மாறிவிட்டது. ஜிபிஎஸ், கலிலியோ, குளோனாஸ் போன்ற வழிகாட்டுச் செயற்கைக்கோள்களிலேயே, 20,000 கிலோமீட்டர் வாக்கில் இருப்பவற்றிலேயே, 406 மெகாஹெர்ட்ஸைக் கேட்கும் கருவி பொருத்திவிட்டார்கள். ஒரே நேரத்தில் பல கேட்பதால் சில நிமிடங்களில் இடம் வந்துவிடும். பீக்கனுக்குள் ஜிபிஎஸ் இருந்தால் ஏறக்குறைய நூறு மீட்டர் துல்லியத்துக்குச் சொல்லிவிடும். எனவே ஜிபிஎஸ் இல்லாத ஈபர்ப் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள மிகப் பழையது கிடைத்தால் தொடவே வேண்டாம். அந்த அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1 அன்றே நின்றுவிட்டது. இப்போதைய ஈபர்ப்களிலும் 121.5 இருக்கும். ஆனால் அது, பக்கத்தில் வந்துவிட்ட விமானமோ படகோ சத்தத்தைப் பிடித்து நெருங்குவதற்கு.

ஏ.ஐ.எஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கப்பல்கள் தங்கள் அடையாளத்தையும் இடத்தையும் சுற்றியிருப்பவர்களுக்கு ரேடியோவில் அறிவிக்கும் முறை அது. வாங்குங்கள். அது செயற்கைக்கோளுக்குப் பதில் இல்லை, கூடுதல் உதவி. சில கடல்மைல் சுற்றளவில் போகும் கப்பல்களின் திரையில் உங்கள் பீக்கன் 974 என்று தொடங்கும் எண்ணோடு நேரடியாகத் தெரியும். கடலில் பல நேரம் முதலில் வந்து சேர்வது மீட்புப் படகு இல்லை, வழியில் போகும் சரக்குக் கப்பல்தான். பெரிய கப்பல்களில் 2022 ஜூலை 1 முதல் புதிதாகப் பொருத்தும் ஈபர்ப்களில் ஏ.ஐ.எஸ் கட்டாயம். காரணம் இல்லாமல் அப்படி வைக்கவில்லை.

ஆர்.எல்.எஸ் என்பது கலிலியோ வழியாகப் பீக்கனுக்கே திரும்பி வரும் ஒப்புகை. 2020 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. உங்கள் அழைப்பு வந்து சேர்ந்தது, இடமும் தெரிந்தது என்பதற்கு ஒரு விளக்கு எரியும். ஆள் கிளம்பிவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை, இதை மனைவிக்கும் சொல்லி வையுங்கள். இருந்தாலும் ராஃப்டில் இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விளக்கு எவ்வளவு தெம்பு கொடுக்கும் என்று மீட்கப்பட்டவர்களிடம் பேசிய எனக்குத் தெரியும். உங்கள் நாட்டுக் குறியீட்டில் அதை அனுமதிக்கிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். எல்லா நாடுகளும் அனுமதிப்பதில்லை.

பி.எல்.பி பற்றி மனைவி கேட்டது நல்ல கேள்வி. பி.எல்.பி 24 மணி நேரம், ஈபர்ப் 48 மணி நேரம் என்பது குறைந்தபட்ச ஓட்டம். ஈபர்ப் தண்ணீரில் தானே நிமிர்ந்து மிதந்து, ஆன்டெனாவை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும். பி.எல்.பியை நீங்கள்தான் இயக்க வேண்டும், ஆன்டெனாவை விரித்துப் பிடிக்க வேண்டும். குளிர்ந்து விரல் மரத்தவர், மயங்கியவர் எப்படிப் பிடிப்பார்? படகுக்கு ஈபர்ப்தான். ஆனால் நீங்கள் இருவர் மட்டும். ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனியாக வெளியே நிற்பீர்கள். அவர் தவறி விழுந்தால் ஈபர்ப் படகோடு போய்விடும், அவர் தண்ணீரில் இருப்பார். அதற்காக ஆளுக்கொரு பி.எல்.பியும் வேண்டும், முடிந்தால் ஏ.ஐ.எஸ் சேர்ந்ததாக. அப்போது உங்கள் படகின் திரையிலேயே அவர் எங்கே என்று தெரியும்.

தானாக மிதக்கும் வகை விஷயத்தில் மட்டும் பட்டறைக்காரரோடு கொஞ்சம் வேறுபடுகிறேன். கீல் படகுக்கு அவர் சொன்னதே சரி. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள், திறந்த மீன்பிடிப் படகோ இரட்டை உடல் கேட்டமரானோ வைத்திருப்பவர்கள், அதைத் தங்களுக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை கவிழ்ந்தால் கவிழ்ந்தபடியே கிடக்கும். நொடியில் கவிழ்ந்த படகுக்கு அடியில், கேபினுக்குள் பத்திரமாக மாட்டியிருந்த பீக்கனை யாராலும் எடுக்க முடியாமல் போன சம்பவங்களை விசாரணைக் காகிதங்களில் படித்திருக்கிறேன். அத்தகைய படகுக்குத் தானாகக் கழலும் வகைதான்.

---

தனித்துடுப்பு எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் செயற்கைக்கோள் மெசஞ்சர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டுதான் நெடுந்தூரம் போகிறேன். எஸ்.ஓ.எஸ் பொத்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்பலாம், வீட்டில் இருப்பவர்கள் வரைபடத்தில் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதற்கு மேல் ஈபர்ப் எதற்கு?

---

இரவுக்காவல் எழுதியது:

தம்பி தனித்துடுப்பு, அதை எடுத்துச் செல்வதை நிறுத்தாதீர்கள். எங்கள் மேசையில் இருந்து கேட்க முடியாமல் தவித்த கேள்விகள் எத்தனையோ. "எத்தனை பேர்? யாருக்காவது அடிபட்டதா? தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது?" ஈபர்ப் இவற்றுக்குப் பதில் சொல்லாது, உங்கள் மெசஞ்சர் சொல்லும்.

ஆனால் அது தினமும் சார்ஜ் போட்டு ஓட்டும் கருவி. சந்தா முடிந்தால் வேலை செய்யாது. படகில் மின்சாரம் போன இரவில்தானே உதவி தேவைப்படும்! ஈபர்ப் பேட்டரி உள்ளே சீல் வைத்து, வருடக்கணக்கில் யாரும் தொடாமல், அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கும். மாதச் சந்தா கிடையாது. உங்கள் பொத்தானின் அழைப்பு முதலில் ஒரு தனியார் மையத்துக்குப் போய், அங்கிருந்து எங்களைப் போன்றவர்களிடம் வரும். ஈபர்ப் அழைப்பு கோஸ்பாஸ்-சர்சாட் என்ற சர்வதேசச் செயற்கைக்கோள் மீட்பு அமைப்பு வழியாக நேரே வரும். கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் நான்கும் 1979-ல் சேர்ந்து போட்ட ஏற்பாடு அது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம். கடலில் தத்தளிப்பவன் எந்த நாட்டவன் என்று பார்க்கக் கூடாது என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை இல்லை. 1982 செப்டம்பரிலேயே முதல் ஆட்கள் காப்பாற்றப்பட்டார்கள்.

இரண்டையும் வையுங்கள். ஈபர்ப் பதிவில் குறிப்பு எழுதும் இடத்தில் மெசஞ்சரின் தொடர்பு முகவரியையும் சேர்த்துவிடுங்கள். பணியில் இருப்பவர் அதைப் பார்த்தவுடன் உங்களுக்கே செய்தி அனுப்பிக் கேட்பார்.

---

நீலப்பாய் எழுதியது:

அக்காவுக்கும் அண்ணாவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் குளிர்சாதனப் பெட்டித் தாளைப் படித்துவிட்டு மனைவி இப்போதே ஒரு தாள் எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டார்.

ஜிபிஎஸ், ஏ.ஐ.எஸ் உள்ள, கையால் எடுக்கும் புது ஈபர்ப் ஒன்றும், பி.எல்.பி இரண்டும் வாங்குகிறோம். இரண்டு சந்தேகங்கள் பாக்கி. ஈபர்ப்பைப் படகின் எம்.எம்.எஸ்.ஐ எண்ணோடு (படகின் ரேடியோ அடையாள எண்) புரோகிராம் செய்து தரட்டுமா என்று விற்பவர் கேட்கிறார். சரி என்று சொல்லலாமா? பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்பு என்று யாரைப் போடுவது? எங்கள் நெருங்கிய உறவுகள் எல்லாம் வேறு நேர மண்டலத்தில் இருக்கிறார்கள்.

---

படகுப்பட்டறை எழுதியது:

முதல் கேள்விக்கு நான். வரிசை எண்ணை வைத்துக் குறியீடு செய்த பீக்கனாகவே கேளுங்கள். எம்.எம்.எஸ்.ஐ படகோடு ஒட்டிய எண். நாளை இந்தப் படகை விற்றுவிட்டு ஈபர்ப்பை அடுத்த படகுக்குக் கொண்டுபோனால், பழைய படகின் எண்ணைத்தான் அது கத்திக்கொண்டிருக்கும், மறுபடி புரோகிராம் செய்ய வேண்டிவரும். வரிசை எண் என்றால் பதிவில் படகு விவரத்தை மட்டும் மாற்றினால் போதும். சில நாடுகளில் எம்.எம்.எஸ்.ஐ முறைதான் வேண்டும் என்று விதி இருக்கலாம். உங்கள் கொடி நாட்டின் விதியைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள். ரேடியோவின் எம்.எம்.எஸ்.ஐயைப் பதிவுப் படிவத்தில் தனியாக எழுதிவிடலாம்.

கையில் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ள ஹெக்ஸ் ஐடியும் பெட்டியில் உள்ள சான்றிதழில் இருப்பதும் ஒன்றா? பேட்டரித் தேதிக்கு இன்னும் எத்தனை வருடம் பாக்கி? கிடங்கில் கிடந்த காலமும் கணக்கில் கழியும், அதனால் கடையில் இருப்பதிலேயே புதிய தேதி உள்ளதைக் கேளுங்கள். மூன்றாவது, அங்கேயே ஒரு செல்ஃப் டெஸ்ட்.

டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. செல்ஃப் டெஸ்டில் போகும் துடிப்பைச் செயற்கைக்கோள் அமைப்பு நிஜ அழைப்பாக எடுத்துக்கொள்ளாது, அந்தத் துடிப்பிலேயே அதற்கான அடையாளம் இருக்கும். அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் ஆசைக்கு அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், பேட்டரி தேயும். ஜிபிஎஸ்ஸையும் சேர்த்துச் சோதிக்கும் டெஸ்டுக்கு மொத்தத்தில் இத்தனை முறைதான் என்று வரம்பே போட்டிருப்பார்கள். கையேட்டில் சொன்ன இடைவெளியில், நீண்ட பயணத்துக்கு முன் ஒருமுறை, போதும்.

பீக்கனில் சுற்றி வைத்திருக்கும் கயிறு எதற்கு என்று பலருக்குத் தெரியவில்லை. ராஃப்டோடு அல்லது ஆளோடு கட்டுவதற்கு அது. படகோடு கட்டிவிடாதீர்கள். படகு போனால் பீக்கனையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

---

இரவுக்காவல் எழுதியது:

தொடர்புக்கு உறவுதான் வேண்டும் என்று இல்லை. கரையில் இருப்பவராக, உங்களோடு படகில் வராதவராக, நடுராத்திரி தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுப்பவராக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பக்கத்துப் படகுக்காரரே போதும். குறைந்தது இரண்டு பேர். நேர மண்டலம் வேறாக இருப்பது ஒருவகையில் நல்லதும்கூட, ஒருவர் தூங்கினாலும் இன்னொருவர் விழித்திருப்பார். பேர் போட்டதோடு விடாமல் அவர்களிடம் சொல்லுங்கள்: மீட்பு மையம் என்று சொல்லி யாராவது அழைத்தால் மோசடி என்று நினைத்து வைத்துவிடக் கூடாது. அப்படி வைத்தவர்கள் உண்டு. மறுபடி மறுபடி அடித்து நம்ப வைப்பதற்குள் நேரம் ஓடிவிடும்.

கணவன் மனைவி இருவரும் படகில் இருக்கும்போது இருவருடைய செல்பேசியை மட்டும் போட்டுவைத்த பதிவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முறை, மூன்றாவது வரியில் படகுத்துறையின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அந்தத் துறையின் காவலாளியை எழுப்பி, அவர் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது, படகு கட்டிய இடத்திலேயே இருந்தது. பீக்கன் மட்டும் பிராக்கெட்டிலிருந்து கழன்று, மழைத்தண்ணீர் தேங்கிய தளத்தில் கிடந்து விளக்கடித்துக்கொண்டிருந்தது. வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஒரு குழுவை இருட்டில் அனுப்பியிருப்போம், நிஜமாக மூழ்குகிறவருக்குப் போக வேண்டிய குழுவை. எனவே எந்தத் துறையில் கட்டுகிறீர்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள். உங்கள் பீக்கன் தவறி இயங்கிவிட்டால், அணைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே மீட்பு மையத்துக்கு அழைத்து "ஆபத்து இல்லை" என்று ஹெக்ஸ் ஐடியோடு சொல்லுங்கள். சமிக்ஞை நின்றுவிட்டால் படகு மூழ்கிவிட்டதோ என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

எங்கே பதிவது? நீங்கள் வசிக்கும் நாட்டில் இல்லை, பீக்கனுக்குள் எழுதியிருக்கும் குறியீட்டு நாட்டில். அந்த நாட்டுக்குச் சொந்தப் பதிவேடு இருந்தால் அதில்தான். இல்லாத பல நாடுகளுக்காகக் கோஸ்பாஸ்-சர்சாட்டே சர்வதேசப் பதிவேடு ஒன்றை இணையத்தில் நடத்துகிறது, கட்டணம் இல்லை. பி.எல்.பி இரண்டையும் தனித்தனியாக, யார் அணிகிறாரோ அவர் பெயரில் பதியுங்கள்.

ஹெக்ஸ் ஐடியில் 0 முதல் 9 வரையும் ஆங்கில ஏ முதல் எஃப் வரையும்தான் வரும். வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்யம்தான். எட்டையும் பி எழுத்தையும்தான் குழப்பிக்கொள்வார்கள். ஒருவர் படிக்க இன்னொருவர் தட்டச்சு செய்யுங்கள், பிறகு மாற்றிச் சரிபாருங்கள். அடுத்த தலைமுறைப் பீக்கன்களில் 23 எழுத்து வரும், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

படகின் நிறத்தை மேலிருந்து பார்ப்பவர் கண்ணோடு எழுதுங்கள். உடல் நீலம் என்பதைவிடத் தளம் வெள்ளை, கூரைத்துணி சிவப்பு என்பதே விமானத்திலிருந்து தேடுபவருக்கு உதவும். படம் ஏற்ற வசதி இருந்தால் இரண்டு ஏற்றுங்கள், பாய் விரித்தது ஒன்று, சுருட்டியது ஒன்று. செல்பேசி எண் மாறினாலும், படகுக்கு வேறு நிறம் அடித்தாலும் அன்றே பதிவில் திருத்துங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விவரங்களை உறுதிசெய்யச் சொல்லும் பதிவேடுகளும் உண்டு. அந்த மின்னஞ்சலை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

---

நீலப்பாய் எழுதியது:

அப்படியே செய்கிறோம் அக்கா. துறையின் அலுவலகத்தில் இருப்பவரும் என் பழைய நண்பர் ஒருவரும் தொடர்புக்குச் சம்மதித்துவிட்டார்கள். மனைவி எழுதிய தாளின் நகல் இருவருக்கும் போய்விட்டது. சுவரில் இருக்கும் அந்தப் பழைய ஈபர்ப்பை என்ன செய்வது? குப்பையில் போட்டுவிடலாமா?

---

படகுப்பட்டறை எழுதியது:

போடவே போடாதீர்கள். தேதி முடிந்த பேட்டரிக்கும் கத்தத் தெம்பு இருக்கும். குப்பை மேட்டில் மழை பட்டு இயங்கி, ஆட்கள் போய்க் கிளறிக்கொண்டிருப்பார்கள். முந்தைய உரிமையாளருக்கு எழுதி, அவர் நாட்டுப் பதிவேட்டில் அந்த ஹெக்ஸ் ஐடியை நீக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நடுராத்திரி அவருடைய வீட்டுத் தொலைபேசிதான் அடிக்கும். பீக்கனைப் பிராக்கெட்டோடு சேர்த்தே கழற்றி, நனையாமல், சர்வீஸ் செய்யும் பட்டறை ஒன்றில் கொடுங்கள். பேட்டரியைத் துண்டித்துத் தனியாக எடுத்துவிடுவார்கள். லித்தியம் என்பதால் நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம். துண்டித்ததற்கு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.